புது வீட்டைப் பரீட்சித்து ஏற்றுக்கொள்ளுதல்

(பொள்ளாச்சி தாலூகாக் கிராமவாசிகளுக்கு நிகழ்த்திய பிரசங்கம்)



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்னும் பழமொழியை அறியாதவர் கொங்கு நாட்டில் இல்லை. அதில் கட்டுவதோடு பார்ப்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. கட்டுகிறவர்கள் அநேகர், கட்டியதைப் பார்த்து வாங்கிக்கொள்ளுகிறவர்கள் சிலரே. பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு ஜோடி எருது வாங்கப் போகும் குடியானவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்; சுழி பார்க்கிறார்; நடக்கவிட்டுப் பார்க்கிறார். அதே குடியானவர் எருதின் விலையைப் போல் பன்மடங்கு செலவிட்டுக் கட்டிய வீட்டை, வர்ணம் பளபளப்பாக இருக்கிறது என்பதைக் கொண்டே திருப்தியடைந்து, சாவியை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிடுகிறார். எருது பத்து வருஷம் உழைக்கும். வீடோ பேரன் காலம் வரையில் நிற்கவேண்டிய பொருள். அதன் பேரில் வாங்கிய கடனும் பதினைந்து இருபது வருஷம் வரையில் நிற்பது. சுவர் பிளந்துவிட்டது என்பதற்காகக் கடன் தவணை நிற்பதில்லை. பழுதை நீக்க மறுபடியும் கடன் வாங்க நேர்ந்தால், 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியதன் நோக்கமே அந்தக் குடும்பத்தின் அளவில் வீணாகிப் போகிறது. ஆகையால் ஒப்படைப்புக்கு முன் வீட்டைப் பரீட்சிப்பது எப்படி என்பதைக் கிரமமாக எடுத்துக் கூறுவது இப்பிரசங்கத்தின் நோக்கம்.

அவசரம் என்னும் முதல் சத்துரு

வீட்டைச் சரியாகப் பார்க்கவிடாமல் தடுப்பது பஞ்சாங்கத்தில் குறித்த நாள். ஆடியிலும் மார்கழியிலும் குடிபுகுவதில்லை என்பது வழக்கம். ஆகவே தையிலும் வைகாசியிலும் எல்லோரும் முந்துகிறார்கள். பத்திரிகை அச்சிட்டாகிவிட்டது, பந்துக்கள் வந்துவிட்டார்கள், கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் புது வேட்டி துண்டு வாங்கியாகிவிட்டது. அந்த நேரத்தில் குளியலறைத் தண்ணீர் மூலையில் தேங்குகிறது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? மேஸ்திரியும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். சில சமயம் மாமன் மச்சான் முறையும் உண்டு. "மங்கள காரியத்தன்று குற்றம் சொல்லாதீங்க, மாமா, அடுத்த வாரம் ஆளை அனுப்பறேன்" என்ற ஒரு வார்த்தையில் காரியம் முடிந்துவிடுகிறது. அந்த அடுத்த வாரம் அநேகமாக வருவதே இல்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. குடிபுகும் நாளுக்குக் குறைந்தது முப்பது நாள் முன்னதாகப் பரீட்சை நாளைக் குறித்து, அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடவேண்டும். முதற் பரீட்சை, பழுது நீக்க இரண்டு வாரம், இரண்டாம் பரீட்சை, அதன் பின்பு குடிபுகுதல் என்று வரிசை இருந்தால் யாருடைய மனமும் நோகாது.

கவனிக்கவேண்டிய வேறொரு விஷயமும் உண்டு. பொள்ளாச்சி பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலை அடுத்திருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று கணவாய் வழியாக வேகமாக நுழைந்து மழையைச் சாய்த்து அடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வேறு திசையிலிருந்து வருகிறது. தை மாதத்தில் ஒப்படைக்கும் வீடு இவ்விரண்டில் ஒன்றையும் பூர்த்தியான நிலையில் கண்டதில்லை. அதில் ஒழுக்கு இல்லை என்று சொல்லுவதற்கு அர்த்தமில்லை. ஒழுகுவதற்கு மழையே பெய்யவில்லை. வீட்டைச் சோதிக்கும் உண்மையான உத்தியோகஸ்தர் ஆடிக் காற்றே. அவர் வரும் வரையில் முழுப் பணத்தையும் கொடுத்துத் தீர்க்காமலிருப்பது விவேகம்.

பரீட்சைக்கு வேண்டிய கருவிகள்

விலையுயர்ந்த யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. அளவு நாடா, தூக்குக்குண்டு, ரசமட்டம், ஒரு கோலிக்குண்டு, ஒரு நாணயம், ஓர் இரும்பாணி, டார்ச்சு விளக்கு, இரண்டு வாளி, சாக்கட்டி, நோட்டுப் புத்தகம், பென்சில் ஆகிய இவை போதும். பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். கடைசி வர்ணம் பூசுவதற்கு முன் ஒரு முறை பார்த்தால் மிகவும் நல்லது; வர்ணம் அநேக பாவங்களை மறைத்துவிடும். வீட்டுக்காரர் தனியே போகாமல் மனைவியையும் அழைத்துச் செல்லவேண்டும். சமையல் மேடை எவ்வளவு உயரம் இருக்கவேண்டும், புகை எங்கே போகிறது, பாத்திரம் கழுவுமிடத்தில் தண்ணீர் திரும்பித் தெறிக்கிறதா என்பவற்றை அங்கே தினமும் நிற்கப்போகிறவர் பார்க்கும் பார்வை வேறு யாருக்கும் வராது.

வெளிப்புறம்

முதலில் வீட்டை ஒரு முறை சுற்றி வரவேண்டும். வீட்டுத் தரை சுற்றிலுமுள்ள மண்ணைவிட ஒன்றரை அடிக்குக் குறையாமல் உயர்ந்திருக்கிறதா? சுற்றுப்புறத்தின் வாட்டம் வீட்டைவிட்டு விலகிச் செல்லுகிறதா, அல்லது மழைத் தண்ணீரைக் கடைகாலுக்கே கொண்டுவருகிறதா? மேற்குப் பக்கத்து ஜன்னல்களுக்கு மேலே வெயில்மறைப்பு போதிய அகலம் உண்டா? அதன் அடிவிளிம்பில் நீர் சொட்டி விழுவதற்கான வெட்டு இருக்கிறதா? அந்தச் சிறு வெட்டு இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்குள் இறங்கிவிடும். கழிவுநீர்த் தொட்டியும் உறிஞ்சு குழியும் குடிநீர்க் கிணற்றுக்கு ஐம்பது அடிக்குள் இருத்தல் ஆகாது.

மண்ணின் குணத்தையும் நினைவில் வைக்கவேண்டும். இந்தப் பிரதேசத்தில் செம்மண்ணும் கரிசலும் பக்கத்துப் பக்கத்து வயல்களிலேயே மாறி மாறி வருவதுண்டு. கரிசல் நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஆழமற்ற கடைகாலை அது வருஷத்துக்கு இரண்டு முறை தூக்கி இறக்கும். இப்படிப்பட்ட மண்ணுக்கென்றே ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ் போல் அகன்ற கான்கிரீட் தூண்களை இறக்கும் முறையை வகுத்துக் கொடுத்திருக்கிறது. கரிசலில் கட்டிய வீட்டில் விரிசல்களை இருமடங்கு ஜாக்கிரதையோடு பார்க்கவேண்டும்.

சுவரும் பூச்சும்

எல்லா விரிசலும் ஒரே ஜாதியல்ல. பூச்சின் மேலே சிலந்தி வலை போல் மெல்லியதாக ஓடுவது பூச்சு சீக்கிரம் காய்ந்ததால் உண்டாவது. அதனால் பார்வைக்குக் குறைவே தவிரச் சுவருக்கு ஆபத்தில்லை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேராக ஓடுவது, அவ்விடத்தில் கம்பிவலை வைத்துப் பூசாததைக் காட்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் வரிசையைப் படிப்படியாக ஏறிச் செல்லும் விரிசல்தான் அஞ்சத்தக்கது. அது கடைகால் ஒரு பக்கம் இறங்குவதற்கு அடையாளமாக இருக்கலாம். அத்தகைய விரிசலைச் சிமெண்டால் அடைத்துவிட ஒருபோதும் சம்மதிக்கக்கூடாது. அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டிவிடவேண்டும். சில வாரங்களில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது தெளிவு. அப்போது இஞ்சினீயரை அழைத்தே தீரவேண்டும்.

பூச்சை நாணயத்தால் தட்டிப் பார்க்கவேண்டும். கெட்டியான இடத்தில் கணீரென்றும், சுவரைவிட்டு விலகியிருக்கும் இடத்தில் காலிப் பானை போலும் சப்தம் வரும். இரும்பாணியால் கீறினால் மெல்லிய கோடு மட்டும் விழவேண்டும். மணல் பொலபொலவென்று உதிர்ந்தால் சிமெண்டு குறைவு, அல்லது நீராட்டுதல் போதவில்லை, அல்லது மணலில் தூசி மிகுதி. ஆற்று மணல் அரிதாகிவிட்டபடியால் கல்லை உடைத்து ஆக்கிய மணலே பெரும்பாலும் உபயோகமாகிறது. அதில் தோஷமில்லை. ஆனால் பூச்சுக்கென்று சலித்துக் கழுவிய பி-சாண்ட் வேறு. குவாரித் தூசி வேறு. இரண்டாவதை முதலாவதன் பெயரால் சேர்ப்பவர்களும் உண்டு.

சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. ஆகவேதான் இந்திய தர நிர்ணய விதி கான்கிரீட்டைச் சாதாரணச் சிமெண்டாயின் ஏழு நாளும், சாம்பல் முதலியவை கலந்த சிமெண்டாயின் பத்து நாளும் குறையாமல் ஈரத்தில் வைக்கச் சொல்லுகிறது. கணவாய்க் காற்று வீசும் ஊரில் காலையில் தெளித்த தண்ணீர் மத்தியானத்துக்குள் பறந்துவிடும். தினம் ஒரு முறை பேருக்குத் தெளிப்பது இங்கே செல்லாது.

இது சிறு விஷயம் என்று எண்ணுகிறவர்கள் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னைப் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் நடந்ததை நினைக்கவேண்டும். அங்கே குடிசை மாற்று வாரியம் ஏழை மக்களுக்காகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், குடியேறியவர்கள் கையால் தொட்டதுமே சுவர்ப் பூச்சு உதிர்ந்தது. செய்தி நாடெங்கும் பரவியது, சட்டசபையிலும் பேசப்பட்டது, சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கொண்டு கட்டடம் ஆராயப்பட்டது. அந்தக் குற்றத்தை வெளிப்படுத்தியது அரிய யந்திரமல்ல, குடியிருந்தவர்களின் விரல். அதே விரல் ஒப்படைப்புக்கு முன் சுவரைத் தொட்டிருந்தால், சாமான்களோடும் குழந்தைகளோடும் வந்து சேர்ந்த பிறகு அந்தக் குடும்பங்கள் அவதிப்பட நேர்ந்திராது.

சுவர் நேராக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு சொல்லும். அறை சதுரமாக இருக்கிறதா என்பதை அறிய, மூலையிலிருந்து ஒரு சுவரில் மூன்று அடியும் அடுத்த சுவரில் நாலு அடியும் குறித்து, இரு குறிகளுக்கும் இடையே அளந்தால் சரியாக ஐந்து அடி வரவேண்டும்.

கூரை

கான்கிரீட் கூரையின் அடிப்பக்கத்தை டார்ச்சு விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கவேண்டும். தேன்கூடு போன்ற பொத்தல்கள், துருக் கறை, கம்பி வெளியே தெரிதல் ஆகிய மூன்றும் பெருங் குற்றங்கள். கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும்.

மேல்தளத்தில் தண்ணீர் கட்டிப் பார்ப்பது மிகவும் முக்கியமான சோதனை. கான்கிரீட் போட்டு 28 நாள் கழிந்த பிறகு, மழைநீர்க் குழாய் வாய்களைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, இரண்டு அங்குல உயரம் தண்ணீர் நிறுத்திக் கைப்பிடிச் சுவரில் மட்டத்தைக் குறித்துவிடவேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் கழித்துக் கீழே ஈரம் தெரிகிறதா, கைப்பிடிச் சுவர் சேருமிடத்தில் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். பின்பு அடைப்பை எடுத்துவிட்டு, எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அங்கே சாக்கட்டியால் வட்டமிடவேண்டும். ஓட்டு வீடாயின் நடுப்பகலில் உள்ளே விளக்கை அணைத்து அண்ணாந்து பார்த்தால் வெளிச்சம் நுழையும் சந்துகள் தாமாகவே தெரியும். சட்டங்கள் சுவரில் உட்காரும் இடத்தில் கறையான் மண்கோடு இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

தரை, கதவு, குழாய், மின்சாரம்

தரையில் கோலிக்குண்டை வைத்தால் அறைகளில் நிற்கவேண்டும். குளியலறையில் சல்லடையை நோக்கி உருளவேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் மூலையில் தேங்காமல் வடியவேண்டும். ஒட்டுக் கற்களையும் நாணயத்தால் தட்டிப் பார்க்கவேண்டும். கதவைப் பாதி திறந்து கையை எடுத்துவிட்டால் அது அங்கேயே நிற்கவேண்டும். தானாக மூடினாலும் திறந்தாலும் நிலை தூக்கில் இல்லை என்று பொருள்.

எல்லாக் குழாய்களையும் அடைத்து, இரவில் மேல்தொட்டித் தண்ணீர் மட்டத்தைக் குறித்து, காலையில் மறுபடி பார்த்தால் சுவருக்குள் மறைந்த கசிவு வெளிப்பட்டுவிடும். மின்சார வேலையை லைசென்ஸ் பெற்றவரைக் கொண்டு சோதிப்பித்துக் கையெழுத்து வாங்கவேண்டும். பூமி இணைப்பும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இல்லாத வீட்டில் ஒரு நாளும் படுக்கலாகாது. அக்கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்தியவுடன் மின்சாரம் நிற்கவேண்டும். இது பணத்தைப் பற்றிய விஷயமல்ல, பிராணனைப் பற்றியது.

கடைசிப் பரீட்சை காட்டாதவை

கண்ணுக்குத் தெரிபவற்றை மட்டுமே கடைசிப் பரீட்சை காட்டும். 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் மாண்டார்கள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடமும் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. மண்ணின் பலத்தையும் தூணின் பலத்தையும் பூச்சு பூசிய பிறகு யாராலும் பார்த்துச் சொல்லமுடியாது. ஆகையால் கடைகால் தோண்டியதும், கம்பி கட்டியதும், கூரை போடுவதற்கு முன்பும், பூச்சுக்கு முன்பும் வீட்டுக்காரர் நேரில் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். சர்க்கார் உதவி பெறும் வீடுகளில் இந்த முறையே அநுசரிக்கப்பட்டிருக்கிறது. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராம வீட்டு வசதித் திட்டத்திலும், 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் வழங்குவதாக 2024-இல் ஆரம்பித்த கலைஞர் கனவு இல்லத் திட்டத்திலும், வேலை ஏற ஏறவே தவணை கொடுப்பது என்று வைத்திருப்பதன் காரணம் இதுதான். சொந்தப் பணத்தில் கட்டுகிறவர் தம் பணத்துக்கு அதே காவலை வைக்காமலிருப்பானேன்?

குறிப்பும் பிடித்தமும்

கண்ட குறைகளை வாயால் சொல்லுவதில் பயனில்லை. அறைவாரியாக இலக்கமிட்டு எழுதவேண்டும். "சுவர் சரியில்லை" என்று எழுதாமல், "தெற்கு அறை, மேற்குச் சுவர், ஜன்னலுக்கு வலப்புறம், இரண்டடி நீளச் சாய்வு விரிசல்" என்று எழுதவேண்டும். இரண்டு பிரதிகளிலும் இரு கட்சியாரும் கையெழுத்திட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே வாய்தாத் தேதி குறிக்கவேண்டும்.

குறிப்புக்குப் பலம் கொடுப்பது பிடித்தம். உதாரணமாக, பத்து லட்ச ரூபாய் வேலைக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஐம்பதினாயிரத்தைப் பிடித்து வைத்து, பாதியை இரண்டாம் பரீட்சை முடிந்ததும், மறுபாதியை இரு பருவமழையும் கடந்ததும் கொடுப்பதாக முன்னமே ஷரத்து எழுதலாம். முன்னமே எழுதாமல் கடைசியில் பிடிப்பது நியாயமாகாது. குறை தீர்ந்த அன்றே அந்தப் பணத்தைக் கொடுத்துவிடவேண்டும். மேஸ்திரியின் கூலியை அமுக்குவதற்குப் பரீட்சையை ஒரு சாக்காக்குவது கெட்ட வேலையைவிடக் கெட்டது. நல்ல கொத்தனாருக்குப் பரீட்சையில் பயமில்லை. அவருடைய வேலைக்கு அதுவே நற்சாட்சிப் பத்திரம்.

சட்டத்தின் துணை

கம்பெனியாரிடம் வீடு வாங்குகிறவர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் துணை நிற்கிறது. ஒப்படைத்த தேதியிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் திறத்திலோ குறை தெரிவிக்கப்பட்டால், முப்பது நாளுக்குள் செலவின்றிச் சரிசெய்து தருவது கட்டியவர் கடமை. ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாமலோ உள்ள சிறு திட்டங்கள் அச்சட்டத்தில் பதிவு செய்யப்படவேண்டியவை அல்ல. தம் நிலத்தில் கண்டிராக்டரைக் கொண்டு கட்டுகிற கிராமவாசிக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே கதி. வீடு கட்டித் தருவதும் அதில் ஒரு சேவையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் ஜில்லா ஆணையத்தில் முறையிடவேண்டும். எந்த வழியில் போனாலும் அங்கே முதலில் கேட்பது ஒப்பந்தமும் ரசீதும் கையெழுத்திட்ட குறைக் குறிப்புமே. அவை இல்லாதவருக்குச் சட்டம் இருந்தும் இல்லாததுபோல்தான்.

சங்கம் செய்யக்கூடியது

ஒருவர் தனியே தம் மைத்துனர் முறையுள்ள மேஸ்திரியிடம் குறை சொல்லக் கூசுவார். ஊரில் வீடு கட்டுகிற ஐந்தாறு பேர் ஒன்றுகூடினால் அந்தக் கூச்சம் நீங்கும். ஒருவர் வீட்டை மற்றவர்கள் சென்று பார்க்கலாம். எல்லோருக்குமாக ஓர் இஞ்சினீயரை அமர்த்தினால் செலவு பங்காகிவிடும். கிராமக் கூட்டுறவுச் சங்கம் ரசமட்டம், தூக்குக்குண்டு, அளவு நாடா, அச்சிட்ட குறிப்புப் படிவம் ஆகியவற்றைப் பொதுவில் வைத்திருக்கலாம். ஊரார் அனைவரும் இதை ஒரு சடங்கைப் போல் நடத்த ஆரம்பித்துவிட்டால், எவரும் அதை அவமதிப்பாகக் கொள்ளமாட்டார்கள்.

வருகிற தை மாதத்தில் குடிபுக நினைத்திருப்பவர்கள் கார்த்திகை முடிவதற்குள் முதற் பரீட்சையை முடித்துவிடுவார்களாக. மேல்தளத்தில் தண்ணீர் கட்டி, விரிசலில் தேதி எழுதி, குறிப்பில் கையெழுத்து வாங்கிவிட்ட குடும்பம் ஆடிக் காற்று வீசும் இரவிலும் கவலையின்றி உறங்கும்.